ஈரமும் நெல் தூசியும்: டெல்டா வீடுகளில் லேசர் பிரிண்டரைப் பாதுகாப்பாகப் பராமரிக்க

நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போடச் சிட்டா, அடங்கல் நகல் வேண்டும். பயிர்க் காப்பீட்டுக்கு ஆதார் நகலும் வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கமும் வேண்டும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் உள்ள வீடு என்றால் கேட்கவே வேண்டாம். இதற்காகவே தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து வீடுகள் பலவற்றில் சிறிய லேசர் பிரிண்டர் ஒன்று இடம்பிடித்துவிட்டது. வாங்கிய புதிதில் பளிச்சென்று அடித்துத் தருகிறது. முதல் மழைக்காலம் வந்ததும் தாள் சுருள்கிறது, சிக்குகிறது, எழுத்து மங்குகிறது. அறுவடை முடிந்த கையோடு பக்கத்தில் கோடு விழத் தொடங்குகிறது.

பிரிண்டர் கையேடுகள் சொல்லும் ஈரப்பத வரம்பு பெரும்பாலும் 80 சதவீதத்தோடு முடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் வீட்டுக் காற்று அந்த வரம்பைச் சர்வசாதாரணமாகத் தாண்டுகிறது. ஆகவே புதிதாகப் பிரிண்டர் வாங்கியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: அடிக்கடி திறந்து துடைக்காதீர்கள்; ஈரமும் தூசியும் உள்ளே போகாமல் பாருங்கள். வீட்டு உபயோகத்துக்கு ஆண்டில் இரண்டு முறை முழுமையாகச் சுத்தம் செய்தால் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் புரட்டாசியில் ஒரு முறை, சம்பா, தாளடி அறுவடைத் தூசி அடங்கிய பின் மாசிக் கடைசியிலோ பங்குனியிலோ ஒரு முறை. நடுவில் கோடோ கறையோ தெரிந்தால் மட்டும் திறக்கலாம்.

உள்ளே நடப்பது என்ன?

இதைத் தெரிந்துகொண்டால் எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தானாகவே விளங்கும். லேசர் பிரிண்டரில் திரவ மை கிடையாது. டோனர் என்னும் மிக நுண்ணிய பிளாஸ்டிக் தூள்தான் எழுத்தாகிறது. டிரம் என்னும் உருளையின் மேல் நிலைமின்சாரம் ஏற்றப்படுகிறது. லேசர் ஒளி பட்ட இடங்களில் அந்த மின்னூட்டம் குறைய, டோனர் அங்கே ஒட்டிக்கொள்கிறது. பிறகு டோனர் தாளுக்கு மாறுகிறது. கடைசியில் பியூசர் என்னும் சூடான உருளைகளுக்கு நடுவே தாள் நுழையும்போது, தூள் உருகித் தாளோடு ஒன்றிவிடுகிறது.

1938 அக்டோபர் 22 அன்று அமெரிக்காவில் செஸ்டர் கார்ல்சன் முதன்முதலாக எடுத்த நகலும் இந்த அடிப்படையில்தான் பிறந்தது: உலர்ந்த தூள், நிலைமின்சாரம், சூடு. நம் ஊர் ஜெராக்ஸ் கடை இயந்திரமும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. எல்லாமே உலர்ந்த நிலையில் நடக்கும் ஏற்பாடு என்பதால், காற்றில் ஈரம் ஏறினால் முதலில் தடுமாறுவது நிலைமின்சாரம்தான்.

உள்ளே ஆபத்தானவை மூன்று. பியூசர் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸ் வரை சூடாகும், பட்டால் கொப்பளித்துவிடும். டோனர் துகள் 5 முதல் 10 மைக்ரான் அளவே உள்ளது. தலைமுடியின் தடிமனில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம், எளிதில் மூச்சோடு உள்ளே போகும். மூன்றாவது மின்சாரம். லேசரைப் பொறுத்தவரை, மூடி மூடியிருக்கும்வரை கவலை இல்லை. மூடியைத் திறந்ததும் லேசரை நிறுத்துவதற்கென்றே உள்ளே ஒரு சுவிட்ச் இருக்கிறது. அந்தச் சுவிட்சில் குச்சியைச் செருகி, மூடி திறந்த நிலையில் பிரிண்டரை ஓடவிட்டுப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளி கண்ணையே கெடுத்துவிடும். ஒருபோதும் செய்யாதீர்கள்.

திறப்பதற்கு முன்

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் உருவிவிட வேண்டும். கையேடுகள் அரை மணி நேரம் ஆறவிடச் சொல்கின்றன. சித்திரை வெயிலில் ஒரு மணி நேரமாவது விடுங்கள்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் பலர் மறந்துவிடும் விஷயம் இது. விசிறி ஓடும்போது, டோனர் நிரப்பிய பெட்டியான கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்தால், சிந்தியிருக்கும் டோனர் அறை முழுக்கப் பறந்து படிந்துவிடும். தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வீட்டில் வேறு ஒருவரிடம் விடுவது நல்லது. வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றுங்கள். டிரம்மில் ஒரு கீறல் விழுந்தால் அது ஒவ்வொரு பக்கத்திலும் தெரியும்.

தேவையான பொருட்கள் அதிகம் இல்லை. மூக்குக்கு என்95 முகக்கவசம், கைக்கு மெல்லிய ரப்பர் கையுறை, மூக்குக்கண்ணாடி துடைப்பதைப் போன்ற நூல் உதிராத மைக்ரோஃபைபர் துணி இரண்டு, பயன்படுத்தாத மென்மையான ஓவியத் தூரிகை ஒன்று, ஒரு டார்ச். பூத்துண்டு, காடாத் துணி வேண்டாம். நூல் உதிர்ந்து உருளைகளில் சுற்றிக்கொள்ளும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர், நகப்பூச்சு நீக்கி, கை கழுவும் சானிடைசர் எதையும் பிரிண்டர் பக்கமே கொண்டுவராதீர்கள். ரப்பர் உருளைகள் வீங்கிக் கெடும்; தீப்பிடிக்கவும் கூடும்.

வீட்டு வாக்குவம் கிளீனரையும் தவிர்க்க வேண்டும். அதன் வடிகட்டி டோனரைப் பிடிக்காது. தூள் பின்புறமாக வெளியேறி அறைக்குள்ளேயே திரும்பும். போதாததற்கு, குழாயில் உருவாகும் நிலைமின்சாரமோ மோட்டார் பொறியோ அந்தத் தூளைப் பற்றவைக்கலாம். மெக்கானிக் கடையில் இருக்கும் காற்றடிக்கும் கம்ப்ரசர் இதைவிட மோசம். அது தூளை லேசர் பகுதிக்குள்ளும் பியூசருக்குள்ளும் திணித்துவிடும்.

சுத்தம் செய்யும் முறை

வெளியிலிருந்து தொடங்குங்கள். துணியைத் தண்ணீரில் நனைத்து, சொட்டுச் சொட்டாக விழாதபடி நன்றாகப் பிழிந்து, மேல்மூடியையும் பக்கங்களையும் துடையுங்கள். பக்கவாட்டிலும் பின்னாலும் உள்ள காற்றுத் துளைகளைத் தூரிகையால் தட்டிவிடுங்கள். களத்துக்கோ அரிசி ஆலைக்கோ பக்கத்தில் இருக்கும் வீடுகளில் இந்தத் துளைகள் உமித்தூசியால் அடைத்துக்கொள்கின்றன. சூடு வெளியேற வழியில்லாமல் உள்ளே உள்ள பாகங்கள் சீக்கிரம் கெடுவதற்கு இதுவே காரணம்.

அடுத்து தாள் வைக்கும் தட்டு. தாள்களை எல்லாம் எடுத்துவிட்டுத் தட்டின் அடியில் சேர்ந்திருக்கும் வெள்ளைத் தூளை உலர்ந்த துணியால் துடையுங்கள். தாளை இழுக்கும் ரப்பர் உருளை, அதாவது பிக்கப் ரோலர், பளபளவென்று வழவழப்பாகத் தெரிந்தால் அதில் தாள்தூசி அப்பியிருக்கிறது என்று பொருள். தண்ணீரில் சற்றே நனைத்த துணியால் உருளையைச் சுழற்றிச் சுழற்றித் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். கறை விடவில்லை என்றால், கையேடு அனுமதித்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் துணியில் தொட்டுத் துடைக்கலாம். தாளே இழுக்காமல் தவிக்கும் பிரிண்டர்களில் பல இந்த ஒரு வேலையிலேயே சரியாகிவிடும். பழுதுபார்ப்பவரை அழைக்குமுன் இதைச் செய்து பாருங்கள்.

பிறகு கார்ட்ரிட்ஜ். கைப்பிடியைப் பிடித்துக் கிடைமட்டமாக, மெதுவாக வெளியே எடுங்கள், தலைகீழாகத் திருப்பாதீர்கள். பச்சையாகவோ நீலமாகவோ பளபளக்கும் உருளைதான் டிரம். அதை விரலால் தொடக்கூடாது, வெளிச்சத்திலும் விடக்கூடாது. எடுத்தவுடன் கறுப்புத் துணியாலோ தடித்த காகிதத்தாலோ போர்த்தி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். சில நிமிடங்களுக்கு மேல் வெளிச்சம் பட்டால் அந்த ஒளியுணர் பூச்சு பாதிக்கப்பட்டு, பக்கங்களில் கறுப்புத் திட்டுகள் வரும். டிரம்மைத் தண்ணீராலோ ஆல்கஹாலாலோ துடைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கார்ட்ரிட்ஜ் இருந்த குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிந்திய டோனரை உலர்ந்த துணியால் ஒரே திசையில் ஒற்றி எடுங்கள். அழுத்தித் தேய்க்க வேண்டாம். கறுப்பு ஸ்பாஞ்சு போன்ற ஓர் உருளை குறுக்காகக் கிடக்கும். அது டிரான்ஸ்பர் ரோலர். அதன் மேல் கை படக்கூடாது. விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கே அச்சின் தரத்தைக் கெடுத்துவிடும். பியூசர் பகுதியில் சூட்டு எச்சரிக்கைப் படம் ஒட்டியிருக்கும். அங்கே கை வைக்காதீர்கள். துணியும் தூரிகையும்கூடப் போகக்கூடாது.

டிரம் தனியாகவும் டோனர் தனியாகவும் கழற்றும் மாடல்கள் உண்டு. அவற்றில் சிலவற்றின் டிரம் பகுதியில், வண்ணத்தில் பளிச்சென்று தெரியும் சிறிய நகர்த்தியை வைத்திருப்பார்கள். அதை இடம் வலமாகச் சில முறை நகர்த்தினால், டிரம்முக்கு மின்னூட்டம் தரும் மெல்லிய கம்பி சுத்தமாகும். வேலை முடிந்ததும் நகர்த்தியை அம்புக்குறி காட்டும் தொடக்க இடத்துக்கே கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நடுவில் விட்டுவிட்டால் பக்கம் முழுக்க நெட்டுக்குத்தாக ஒரு கறுப்புப் பட்டை அடிக்கும்.

எல்லாவற்றையும் பழையபடி பொருத்தி, மூடி, பிளக்கைச் செருகுங்கள். முதலில் சில வெற்றுப் பக்கங்களை ஓடவிடுங்கள். மிச்சம் மீதி டோனர் அவற்றோடு வந்துவிடும்.

டோனர் கொட்டிவிட்டால்

குளிர்ந்த தண்ணீர் ஒன்றுதான் மருந்து. டோனர் சூட்டில் உருகும் பொருள் என்பதை மறக்காதீர்கள். கையில் பட்டால் குளிர்ந்த தண்ணீரும் சோப்பும் போதும். வெந்நீர் ஊற்றினால் தோல் ரேகைகளில் பதிந்துவிடும். உடையில் பட்டால் தேய்க்காமல் வெளியே எடுத்துப்போய் உதறி, குளிர்ந்த தண்ணீரில் தனியாக அலசுங்கள். கறை முழுதும் போகும்வரை இஸ்திரி போடக்கூடாது. தரையில் சிந்தியதைத் துடைப்பத்தால் கூட்டினால் பறக்கும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, துணியோடு ஒரு பையில் கட்டிப் போட்டுவிடுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் பதினைந்து நிமிடம் சுத்தமான தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள். எரிச்சல் நிற்கவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

மழைக்காலத்துத் தாள்

டெல்டாவில் பிரிண்டரைப் பற்றி வரும் புகார்களில் பாதி உண்மையில் தாளைப் பற்றிய புகார்கள் என்பது என் எண்ணம். தாள் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். ஈரத்தாளில் மின்னூட்டம் நிற்காது. அதனால் டோனர் சரியாக மாறாமல் எழுத்து திட்டுத் திட்டாக மங்கும். அதே தாள் பியூசருக்குள் போகும்போது ஈரம் ஆவியாகி, தாள் சுருண்டு, வெளியேறும் வாயில் சிக்கிக்கொள்ளும்.

மழை நாட்களில் பிரிண்டரின் மேல்வாயிலிருந்து வெள்ளையாக ஆவி எழுவதைப் பார்த்து, புகை என்று பயந்து போனவர்கள் இருக்கிறார்கள். கருகல் நாற்றம் இல்லாமல், தாள் வெளிவரும் நேரத்தில் மட்டும் தெரிந்தால் அது தாளின் ஈரம்தான். நாற்றம் வந்தாலோ, தாள் ஓடாதபோதும் எழுந்தாலோ, உடனே மின்சாரத்தைத் துண்டித்துவிட வேண்டும்.

தாள் கட்டைப் பிரித்த பிறகு தட்டில் முழுவதையும் அடுக்காதீர்கள். அன்றைக்குத் தேவையானதை மட்டும் வைத்து, மிச்சத்தை அதன் உறையிலேயே மடித்து, இறுக்கமாக மூடும் டப்பாவிலோ பீரோவிலோ வையுங்கள். டப்பாவுக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டுவைத்தால் இன்னும் நல்லது. தாள் கட்டைத் தரையில் வைக்கக்கூடாது. நெல் மூட்டைக்குப் பலகை போடுவது போலவே இதற்கும் ஒரு பலகை வேண்டும். ஈரம் கோத்த தாளை வெயிலில் காயவைத்தால் அலை அலையாக நெளிந்துவிடும். அதைக் கையால் எழுதும் வேலைக்கு ஒதுக்கிவிடுங்கள். 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) தாள் வீட்டு உபயோகத்துக்கு ஏற்றது. ஸ்டேப்ளர் பின் குத்திய தாள், ஒட்டுப்போட்ட பழைய பத்திரம், இங்க்ஜெட் பிரிண்டருக்கான பளபளப்பான போட்டோத் தாள், லேசருக்கு என்று குறிப்பிடாத பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றை உள்ளே விடவே கூடாது. பிந்தைய இரண்டும் பியூசரில் உருகி ஒட்டிக்கொண்டால், பியூசரையே மாற்றும் செலவு வந்து சேரும்.

தாள் சிக்கினால் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, தாள் போகும் திசையிலேயே இரு கைகளாலும் சீராக இழுங்கள். எதிர்த்திசையில் வெடுக்கென்று இழுத்தால் பல்சக்கரம் கெடும், தாளும் கிழியும். கிழிந்துவிட்டால் துண்டுகளைத் தரையில் சேர்த்து வைத்து, ஒரு முழுத் தாள் கிடைத்துவிட்டதா என்று சரிபாருங்கள். உள்ளே தங்கும் சிறு துண்டு அடுத்த தாளையும் மடக்கும். கத்தி, ஸ்குரூ டிரைவர் போன்ற எதையும் உள்ளே விட்டுக் கிளறாதீர்கள்.

பிரிண்டரை வைக்கும் இடமும் முக்கியம். சுவரை ஒட்டாமல், ஜன்னல் சாரல் படாமல், பூஜையறைக்கும் அடுப்படிக்கும் தள்ளி வையுங்கள். சாம்பிராணிப் புகை, கற்பூரக் கரி, கொசுவர்த்திப் புகை, தாளிக்கும் எண்ணெய் ஆவி எல்லாம் உள்ளே போய்ப் படியும். வேலை முடிந்து சூடு ஆறிய பிறகு பருத்தித் துணியால் மூடுங்கள். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே தேக்கும். துணி மூடினால் பல்லியும் கரப்பானும் கதகதப்பைத் தேடி உள்ளே புகுவதும் குறையும். அப்படியே புகுந்துவிட்டாலும் பூச்சிமருந்தை உள்ளே தெளிக்காதீர்கள். அந்த டப்பாக்களில் உள்ள வாயு தீப்பற்றக்கூடியது. மழை மாதங்களில் வேலை இல்லாவிட்டாலும் வாரத்துக்கு ஓரிரு பக்கம் அடித்துவிடுங்கள். உள்சூடு கொஞ்சம் ஈரத்தையாவது விரட்டும்.

பக்கத்தைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது

ஒரே மாதிரியான புள்ளி ஒரே பக்கத்தில் கீழ்நோக்கித் திரும்பத் திரும்ப வருகிறதா? ஸ்கேலை எடுத்து இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து பாருங்கள். சுற்றும் உருளை ஒன்றில் கறையோ கீறலோ இருந்தால், அந்த உருளையின் சுற்றளவுக்கு ஒரு முறை புள்ளி விழும். 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம் என்றால் 75 மில்லிமீட்டருக்கு ஒரு முறை. 30 மில்லிமீட்டர் என்றால் 94 மில்லிமீட்டருக்கு ஒரு முறை. வீட்டுப் பிரிண்டர்களில் இந்த இரண்டு அளவு டிரம்களையும் அதிகம் பார்க்கலாம். உங்கள் மாடலில் எந்த உருளைக்கு எவ்வளவு இடைவெளி என்பதைக் கையேடுகள் பலவும் அட்டவணையாகவே தருகின்றன. கார்ட்ரிட்ஜை மாற்றுவதா, பியூசரைப் பார்ப்பதா என்பதை இந்த ஓர் அளவு சொல்லிவிடும். பழுதுபார்க்க வருபவரிடமும் நீங்கள் தெளிவாகப் பேசலாம்.

மேலிருந்து கீழாகக் கறுப்புக் கோடு என்றால் மின்னூட்டக் கம்பியோ டிரம்மோ காரணமாக இருக்கலாம். வெளிறிய பட்டை என்றால் டோனர் தீர்ந்துவருகிறது. கார்ட்ரிட்ஜைக் கிடைமட்டமாகப் பிடித்து இடம் வலமாக ஐந்தாறு முறை மெல்ல அசைத்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் பக்கம் கிடைக்கும். எழுத்து விரலோடு உரிந்து வந்தால், முதலில் தாளின் ஈரத்தையும் கணினியில் தேர்ந்தெடுத்துள்ள தாள் வகையையும் பாருங்கள்; பிறகுதான் பியூசரைச் சந்தேகிக்க வேண்டும். பியூசர், உள் மின்பலகை, லேசர் பெட்டி மூன்றும் வீட்டில் கழற்றும் பாகங்கள் அல்ல.

மின்சாரம்

பியூசர் சூடாகும் சில நொடிகளில் பிரிண்டர் ஏறத்தாழ ஆயிரம் வாட் வரை இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரிலும் கணினிக்கான சிறிய யூபிஎஸ்ஸிலும் அதை இணைக்காதீர்கள். நில இணைப்பு உள்ள மூன்று துளைச் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள்; பல சாதனங்கள் தொங்கும் எக்ஸ்டென்ஷன் பெட்டி வேண்டாம். இடி மின்னல் நேரத்தில் பிளக்கையும் யூஎஸ்பி கேபிளையும் உருவிவிடுங்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த பிறகு, பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கில் ஆனது. அப்படி நீண்ட தடைக்குப் பின் மின்சாரம் வரும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். விளக்குகள் சீராக எரிவதைப் பார்த்துவிட்டுப் பிரிண்டரைப் போடுங்கள். வெள்ளத்தண்ணீரோ கூரை ஒழுக்கோ உள்ளே போயிருந்தால், வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் போட்டுப் பார்க்காதீர்கள். திறந்து பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

ரீஃபில்லும் பழைய கார்ட்ரிட்ஜும்

கும்பகோணம், மன்னார்குடி போன்ற ஊர்களில் ரீஃபில் செய்துதரும் கடைகள் உண்டு. செலவு குறைவு என்பது உண்மைதான். கடையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: உங்கள் மாடலுக்கு உரிய டோனர்தானா, தாளுக்கு மாறாமல் மிஞ்சும் கழிவு டோனர் தேங்கும், கார்ட்ரிட்ஜுக்குள் உள்ள அறையைக் காலிசெய்கிறார்களா? உருகும் வெப்பநிலை ஒத்துவராத தூளைப் போட்டால் பியூசரில் ஒட்டும். கழிவு அறையைக் காலிசெய்யாவிட்டால் அந்தத் தூள் பிரிண்டருக்குள்ளேயே வழியும். கழிவுத் தூளை மறுபடி நிரப்பும் கடையை விட்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள். வீட்டில் நீங்களே நிரப்ப நான் பரிந்துரைக்கமாட்டேன். மூடிய அறையில் அந்தத் தூளைச் சுவாசிப்பதற்கு ஈடாகாது மிச்சமாகும் பணம்.

தீர்ந்துபோன கார்ட்ரிட்ஜைக் குப்பையோடு சேர்த்து எரிக்காதீர்கள். வாய்க்கால் கரையில் வீசாதீர்கள். போகிக்குக் கொளுத்தும் பழைய பொருட்களோடும் போடாதீர்கள். உள்ளே மிச்சமிருக்கும் தூள் நெருப்பில் குபீரென்று பற்றி முகத்தில் அடிக்கும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி, பிரிண்டர்களும் அவற்றின் கார்ட்ரிட்ஜ்களும் மின்னணுக் கழிவில் சேரும். புதிய கார்ட்ரிட்ஜ் வந்த உறையிலேயே பழையதைப் போட்டு ஒட்டி, தயாரிப்பாளரின் திரும்பப் பெறும் ஏற்பாட்டிடமோ பதிவுபெற்ற மின்கழிவு சேகரிப்பாளரிடமோ ஒப்படையுங்கள்.